நிற்காத எண்

கட்டைவிரல்கள் சேரவில்லை. பாஞ்சாலை அத்தை, வேட்டியில் கிழித்த துணி நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, தம்பியின் இரண்டு கைகளையும் மார்பின் மேல் இழுத்துச் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்த உடம்பு. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, கூடத்துப் பெஞ்சில் கிடத்தி விபூதி பூசியாகிவிட்டது. விறைத்த கைகள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

"உசுரோட இருந்தப்பவே அருணகிரி யார் பேச்சும் கேக்க மாட்டான். இப்போ மட்டும் கேட்டுடுவானா?" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

"இருங்கக்கா, கட்டிடாதீங்க," என்றாள் ரேணுகாம்பாள். நேற்று மத்தியானம் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தவள். இதுவரை நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். "அவர் கையில ஒண்ணு வச்சு அனுப்பணும்."

"இன்னாது?"

"பாப்பா வாங்கிக் குடுத்தாளே, அளவு பாக்கற அந்த வெர்னியரு. அது இல்லாம அவருக்குப் பொழுதே போவாது. போற எடத்துல தேடுவாரு."

"வையேன், யார் வேணாம்னது? எங்க மாமனாருக்குப் பொடி டப்பா வச்சுத்தான் பொதைச்சோம். ஆசைப்பட்டது கூடப் போனா நல்லதுதான்."

ரேணுகாம்பாள் மகள் பக்கம் திரும்பினாள். "மிஷின் ரூம்ல இருக்கும் பாப்பா. எடுத்துட்டு வா."

காலடியில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியாவுக்குக் காது அடைத்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பெற்ற பெண், ஒரே பெண், துக்கம் தாளவில்லை என்று நினைத்திருப்பார்கள். துக்கமா அது? பயம். அந்த வெர்னியரை அப்பாவின் கையில் வைத்து மண்ணைப் போட்டு மூடப் போகிறார்கள் என்று கேட்டதும் எழுந்த சுத்தமான பயம்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் டெப்போ ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்பாவோடு பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள். காசி சித்தப்பா பறைக்காரர்களுக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வேங்கிக்காலில் அந்தத் தெருவே புதுசு. வீடு கட்டும்போது கார் நிறுத்த என்று முன்பக்கம் ஓர் அறை விட்டார்கள். கார் வரவில்லை. ரிட்டையர் ஆன வருஷம் அங்கே மிஷின் வந்தது.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

மரத்தூள் வாசனை. அப்பாவின் சட்டை வாசனையும் அதுதான் என்பதால் ஒரு விநாடி அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று பட்டது. நேற்று மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியே போய்விட்டார். அது யாருக்கும் தெரியவில்லை. மிஷினுக்கும்தான் தெரியவில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது. "சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது பாப்பா. வேலை பாக்கறார்னு நெனச்சுக்கிட்டு நான் கொழம்பைத் தாளிச்சுக்கிட்டிருந்தேன்," என்று அம்மா காலையில் சொன்னாள். கால் மணி நேரமா, அரை மணி நேரமா, எவ்வளவு நேரம் அந்த மிஷின் செத்துப்போன மனுஷனுக்காக மரம் வெட்டியது என்று சொல்ல இனி யாரும் இல்லை.

மிஷின் என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜை அளவு இரும்புச் சட்டம். மேலே இப்படியும் அப்படியும் நகரும் ஒரு தலை, அதன் நுனியில் சுழலும் வெட்டுக் கம்பி. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பிளைவுட்டை அதே படமாக வெட்டும். பார்சல் பார்சலாக வந்ததைத் தானே உட்கார்ந்து மூன்று மாதம் பூட்டினார். பூட்டியது சுலபம். அளவுக்குக் கொண்டுவருவதுதான் பாடு. நூறு மில்லிமீட்டர் போ என்று சொன்னால் மிஷின் நூறு போனதா, தொண்ணூற்றொன்பது போனதா என்று அளந்து பார்க்க வேண்டும். குறைந்தால் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணைக் கூட்டி, மறுபடி வெட்டி, மறுபடி அளக்க வேண்டும். இரண்டு நாள், மிஞ்சினால் ஒரு வாரம் பிடிக்கிற வேலை.

அருணகிரிக்கு அது ஒன்றேமுக்கால் வருஷம் பிடித்தது. அப்புறமும் முடியவில்லை.

சுவரோரம் அவர் வெட்டித் தள்ளிய துண்டுகள் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. எல்லாம் முக்காலித் துண்டுகள். பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் மலை சுற்றுகிறவர்கள் முட்டி வலித்தால் உட்கார வேண்டாமா? ஆணி இல்லை, பசை இல்லை, நாலே துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் முக்காலி, கழற்றினால் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். அதுதான் அவர் திட்டம். ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எழுதியிருந்தார். 99.7. 100.4. 100.1, இல்லை 99.8. ஒரு துண்டில் கேள்விக்குறி மட்டும்.

வெர்னியர் மிஷின் மேஜையிலேயே இருந்தது. கடைசியாக வெட்டிய துண்டைத் தன் இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்வியபடி கிடந்தது. அதன் சின்னக் கண்ணாடிச் சன்னலில் எண் தெரிந்தது. நூறு புள்ளி மூன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு ஆயிற்று. பிறகு நூறு புள்ளி ஐந்து. யாரும் தொடவில்லை. காற்றுகூட இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அந்த மூடிய அறையில் அது தன்பாட்டுக்கு இப்படித்தான் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அறையில் இன்னொருவர் நின்று அவளும் அதைப் பார்க்கிறாளா என்று கவனிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், வருகிற உதிரிப்பாகங்களை அளந்து பார்த்து, தலைமுடி கனத்தில் பாதி தப்பினாலும் ஒதுக்கி வைக்கிற வேலை. அளக்கிற கருவிகளையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதிப்பார்கள். தப்பு காட்டினால் சிவப்புச் சீட்டு ஒட்டி, ஒரு தட்டில் போட்டு, கழித்துவிடுவார்கள். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் அப்பாவுக்கு ஒன்றுமே வாங்கவில்லை என்று ஞாபகம் வந்தது. தட்டில் பளபளவென்று ஒரு வெர்னியர் கிடந்தது. அறுபது மில்லிக்குக் கீழே சரியாகத்தான் காட்டும். அதற்கு மேல் போனால் முக்கால் மில்லி ஜாஸ்தி காட்டும், சில நேரம் எண்ணும் நிற்காமல் ஆடும். அப்பா என்ன ராக்கெட்டா செய்யப் போகிறார் என்று நினைத்தாள். சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்து, வெல்வெட் வைத்த ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் அழுதுவிட்டார். "கம்பெனி சாமான்டி ரேணு!" என்று தெரு முழுக்கக் காட்டினார். தன் பழைய இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தபோது அளவு ஒத்துப்போகவில்லை. ஸ்கேலைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. "பெருசு சரியா வந்தா சிறுசு இறுக்குது பாப்பா. சிறுசைச் சரி பண்ணா பெருசு கூடிப்போவுது. இது இன்னா மாயம்?" பெல்ட்டை இறுக்கிப் பாருப்பா என்றாள். ஸ்க்ரூவை மாத்திப் பாருப்பா என்றாள். கம்பெனி லைனில் வேலைக்கு நடுவே நின்றுகொண்டு, பாதிக் காதில் கேட்டுச் சொன்ன பதில்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், "எண்ணு நிக்க மாட்டேங்குது பாப்பா, ஆடிக்கிட்டே இருக்குது," என்றார். அந்த நிமிஷம் அவளுக்கு எல்லாம் புரிந்தது. சிவப்புச் சீட்டு கண் முன்னால் வந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கழித்துப்போட்ட குப்பையைப் பெற்ற அப்பனுக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "உன் கைதான் ஆடுதோ என்னமோ. வயசாகுதில்லப்பா, டாக்டர்கிட்ட காட்டு," என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டாள்.

மேஜையின் ஓரத்தில் அவருடைய இருநூறு பக்க நோட்டு இருந்தது. திறக்காதே என்று மனசு சொன்னது. திறந்தாள். தேதி போட்டு, வெட்டியது, அளந்தது, மாற்றிய எண் என்று வரிவரியாக எழுத்து. பிப்ரவரி பதினொன்றாம் தேதிக்கு எதிரில்: பாப்பா சொன்னது சரி. கைதான். அதற்குக் கீழே ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல் இருந்தது. கை ஜாஸ்தி ஆடுகிறது. இன்று கை பரவாயில்லை. டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கை. கை. நேற்றைய தேதியில் எண் ஏதும் இல்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மிஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.

"பாப்பா."

நோட்டு கீழே விழுந்தது. வாசலில் ஜியாவுல்லா நின்றிருந்தார். செங்கம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், அப்பாவுக்கு முப்பது வருஷ சிநேகிதர். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு, படியைத் தாண்டாமல் நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"வரலாமான்னு தெரியல. அவன் எம்மேல கோவமா இருக்கான். அஞ்சு மாசமா பேசறதில்ல."

இருக்கான், பேசறதில்ல என்று அவர் சொன்னது தேவிப்ரியாவுக்கு என்னமோ செய்தது. "என்ன சண்டை மாமா? எனக்குத் தெரியாதே."

ஜியாவுல்லா மேஜையைக் கண்ணால் காட்டினார். "இதுதான் சண்டை. மொதல்ல கேளு, மார்ச்ல ஒரு நாள் முக்காலி கச்சிதமா பொருந்திடுச்சு. எங்கண்ணால பாத்தேன். நான் எண்பத்தஞ்சு கிலோ, ஏறி நின்னேன். அசையல. முடிஞ்சுதுடா, இனிப்பு வாங்குடான்னேன். உங்கப்பன் இன்னா பண்ணான்? இந்த வெர்னியரை வச்சு அளந்தான். முக்கால் மில்லி ஜாஸ்தி காட்டுது, இது தப்புன்னான். சுத்தியால தட்டிக் கழட்டிட்டான்!"

"பொருந்தினதையா?"

"பொருந்தினதைத்தான். எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. டேய், மரம் பொய் சொல்லாது, அந்தச் சாமான்தான் தப்பு, எம் பட்டறையில அளவுக் கட்டை இருக்குது, வச்சுப் பாத்துடலாம் எடுடான்னேன். அவ்ளோதான். எம் பொண்ணு குடுத்ததைச் சந்தேகப்படறியான்னு எழுந்துட்டான். அப்புறம் நான் போன் பண்ணா எடுக்கல. பட்டறை வழியா போனாலும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுப் போவான்."

அவருடைய கண் நிரம்பிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத பாப்பா. நீ தெரிஞ்சா குடுத்திருப்ப? எவனோ கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாத. இப்போ சொல்லி இன்னா ஆவப்போவுது?"

தேவிப்ரியா தலையாட்டினாள். ஏமாற்றப்பட்டவளைப் போல முகத்தையும் வைத்துக்கொண்டாள். செத்துப்போன அப்பனின் அறையில் நின்று, அவருக்காக அழுகிற மனுஷனிடம் இப்படி ஒரு பொய்த் தலையாட்டல்! அவளுக்கே தன் கழுத்தைத் திருகிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அவர் போனதும் வெர்னியரை எடுத்தாள். மூடினால் பூஜ்யம் காட்டி நின்றது. திறந்தால் அறுபது வரை ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் மறுபடி ஆட்டம். இதை வைத்தா அனுப்புவது? மண்ணுக்குள், இருட்டில், பேட்டரி தீருகிற வரைக்கும் அப்பாவின் கைக்குள் இது தப்புத் தப்பாகக் காட்டிக்கொண்டே கிடக்குமா? அவர் அங்கேயும் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை நொந்துகொள்வாரா? படித்த பெண், இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று தெரியும். நினைப்பு நிற்கவில்லை.

அவளிடம் இன்னொன்று இருந்தது. ஏப்ரலில் சென்னையில் போய் வாங்கியது, இதே ஜாடை. கம்பெனியில் மூன்று தடவை வைத்துச் சோதித்தாள், ஒரு புள்ளி பிசகாது. ஊருக்குப் போய் அப்பா தூங்கும்போது மாற்றி வைத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மே மாதம் ஒரு நாள் வந்தாள். அவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை பஸ். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டாள். அடுத்த தடவை இதுதான்.

பின்கட்டு வழியாகப் போய்த் தன் பையைத் திறந்தாள். பழையதைத் துணிகளுக்கு அடியில் திணித்தாள். மே மாதத்திலிருந்து பையிலேயே கிடந்த புதியதை எடுத்து, அழுக்கில்லாமல் இருக்கிறதே என்று தரைப் புழுதியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டாள். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

கூடத்தில் அத்தை நாடாவோடு காத்துக்கொண்டிருந்தாள். வெளியே பறை கூடியிருந்தது. காசி சித்தப்பா நிலைப்படியில் நின்று, "வண்டி வந்துடுச்சு. பொம்பளைங்க வாய்க்கரிசி போட்டுட்டீங்கன்னா எடுத்துடலாம்," என்றார். அவருக்குப் பின்னால் ஜியாவுல்லா சுவரோடு ஒட்டி நின்றார்.

தேவிப்ரியா வெர்னியரை அம்மாவிடம் நீட்டினாள். ரேணுகாம்பாள் வாங்கினாள். புருஷனின் வலது கையைப் பற்றி விரல்களுக்கு நடுவில் வைக்கப் போனவள், என்னவோ ஞாபகம் வந்தவளாக அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். இன்னொரு தடவை திருப்பினாள்.

"இது அவருது இல்லையே."

"அதேதாம்மா."

"ஆயுத பூஜைக்கு நான்தானே கொங்குமம் வச்சேன். அதோட முதுகுல ஒரு எடத்துல பிசுபிசுன்னு கோந்து மாதிரி இருக்கும். அதுல வச்சேன், நல்லா ஒட்டிக்கிச்சு. பத்து மாசமா அழியல. இதுல ஒண்ணுமே இல்ல."

சிவப்புச் சீட்டு இருந்த இடம். தின்னர் போட்டும் போகாத பிசின். அம்மா அங்கேதான் குங்குமம் வைத்திருக்கிறாள்.

"அது... பேட்டரி போயிடுச்சும்மா. இது புதுசு. அப்பாவுக்குன்னு வாங்கி வச்சிருந்தேன்."

பொய் சொல்லிப் பழகின வாய், வந்துவிட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. அத்தைகூட, "பாரேன், அப்பனுக்குன்னு வாங்கி வச்சிருக்குது பொண்ணு," என்று மூக்கைச் சிந்தினாள். ஜியாவுல்லா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது. இனி நாடாவைக் கட்டுவார்கள், தூக்குவார்கள், மண்ணைப் போடுவார்கள்.

"புதுசா?" என்றாள் ரேணுகாம்பாள். "சரி, புதுசே கொண்டுபோங்க." புருஷனிடம்தான் சொன்னாள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வைத்தாள். "போற எடத்துலயாவது எண்ணு நிக்கட்டும். கை ஆடாம இருக்கட்டும் சாமி. வண்டி ஓட்டறதை விட்டாரு, சவரம் பண்றதை விட்டாரு, நாலு பேர் எதிர்ல காப்பி குடிக்கக் கூச்சப்பட்டாரு. இந்தக் கையை வச்சுக்கிட்டு எவ்ளோ அவமானப்பட்டாரு மனுசன். அங்கயாவது நல்ல கையைக் குடு."

"ஆடலம்மா," என்றாள் தேவிப்ரியா.

"இன்னாது?"

"அப்பா கை ஆடல. அந்தச் சாமான்தான் ஆடுச்சு." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "அது கம்பெனியில கெட்டுப்போச்சுன்னு செவப்பு சீட்டு ஒட்டிக் கழிச்சதும்மா. நான் சீட்டைச் சொரண்டிட்டு டப்பாவுல போட்டுக் கொண்டாந்து குடுத்தேன். எண்ணு நிக்கலன்னு அப்பா போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் கைதான் ஆடுதுன்னு நான்தான் சொன்னேன். அப்பா அதை நம்பிட்டாரும்மா."

அத்தையின் கையிலிருந்து நாடா நழுவி மடியில் விழுந்தது. ஜியாவுல்லா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் ஆயுசு பூராவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் தேவலை என்று கன்னத்தை விலக்காமல் இருந்தாள்.

"அப்போ கை நல்லாத்தான் இருந்துதா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"நல்லா இருந்துதும்மா."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

ரேணுகாம்பாள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தெனம் காலையில பேப்பர் வந்ததும் ஒரு தாளை எடுப்பாரு. கையை இப்படி நீட்டி, அது மேல போட்டுக்குவாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ பாத்துச் சொல்லு ரேணு, ஆடுதாம்பாரு." நிறுத்தினாள். "பேப்பர் ஆடாது. நல்லாப் பாப்பேன், ஆடவே ஆடாது. ஆடுதுங்கன்னு சொல்லுவேன்."

"அம்மா."

"அப்படிச் சொன்னாவாவது அந்த மிஷினை விட்டுட்டு வந்து நேரத்துக்கு ஒரு வாய் சோறு துன்னுவாருன்னு பாத்தேன். ஜாஸ்தியா ஆடுதாம்பாரு. ஆமாங்க, நேத்தைக்கு இன்னைக்கு ஜாஸ்திம்பேன்."

தேவிப்ரியா அம்மாவின் தோளைத் தொடப் போனாள். தொடவில்லை. வெளியே பறைச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி எழுந்தது.

ரேணுகாம்பாள் அந்த வெர்னியரை விரல்களிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். இரண்டு கைகளாலும் புருஷனின் வலது கையைப் பிடித்து மேலே இழுத்தாள். "இன்னாத்துக்குடி, விட்டுடுடி," என்று அத்தை பதறினாள். அவள் காதில் விழவில்லை. முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கை நீண்டது. உள்ளங்கை கீழே பார்க்க, அவள் அதன் மணிக்கட்டை மட்டும் தாங்கிக்கொண்டாள். காய்ப்பும் கிரீசும் ஏறி ஏறிக் கறுத்த விரல்கள் ஐந்தும் நேராக நின்றன.

"நேரமாச்சு அண்ணி," என்றார் காசி சித்தப்பா, மெதுவாக.

"இருப்பா, பாத்துட்டுத் தரேன்."

குனிந்து, முகத்தை அந்த விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிதானமாகப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஜியாவுல்லா நிலைப்படி தாண்டி உள்ளே வந்து பார்த்தார்.

"ஆடலைங்க," என்றாள் ரேணுகாம்பாள்.